தம்பி, சுவிட்சில் கை வைக்காதே!

தினமும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்தே நல்ல காற்றுதான்!

அப்பேர்ப்பட்ட காற்றோட்டமான ஊரில், சேலையூர் மூன்றாவது மாடி வீட்டில், போன மே மாதம் ராத்திரி 2 மணிக்கு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபேனையே வெறித்துப் பார்த்தபடி படுத்திருந்தேன். ஃபேன் சுற்றியது. சூடான காற்றைக் கீழே தள்ளியது. அவ்வளவுதான் அதனால் முடிந்தது.

என் தூக்கம் போனால் பரவாயில்லை, ஆபீசில் ஈடுகட்டிவிடலாம். கவலை அப்பாவைப் பற்றி. 74 வயது. பைபாஸ் ஆனவர். "வெயில் காலத்துல உடம்பு சூடாகாம பாத்துக்குங்க. நீர்ச்சத்து குறையக் கூடாது. ராத்திரி நல்லாத் தூங்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ எழுந்து பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தார். கேட்டால், "2003 மே 31-ம் தேதி மெட்ராஸ்ல 45 டிகிரி அடிச்சுதே, அதையே பாத்தவன்டா நான்" என்பார். அப்போது அவருக்கு ஐம்பது சொச்சம் என்பதை மறந்துவிட்டு!

ஏ.சி. போட்டுவிடலாம் என்றால் அம்மா குறுக்கே வந்தாள். அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2019 ஜூனில் எங்கள் சேலையூர்ப் பக்கமே ஒரு வீட்டில் தீயும் புகையும் சூழ்ந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில் ஃப்ரிட்ஜ் வெடித்ததாக வந்த செய்தியிலும் மூன்று உயிர். இரண்டு செய்தியையும் அம்மா பேப்பரில் வரி விடாமல் படித்தவள். "காஸ் அடைச்ச சாமான் எதுவும் படுக்கற ரூம்ல வேணாம்டா" என்பது அவள் கட்சி.

எனக்கும் ஒரு பழைய காயம் உண்டு. முன்பு குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தபோது ஒரு ஏ.சி. வாங்கினேன். இரண்டு பையன்கள் வந்தார்கள். சுவரில் ஓட்டை போட்டார்கள், பைப்பை மாட்டினார்கள், 'புஸ்'ஸென்று ஒரு சத்தம், சுவிட்சைப் போட்டார்கள். ஜில்! நாற்பதே நிமிஷம்! என்ன வேகம் என்று மெச்சி டீக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் மாசம் காஸ் காலி. நிரப்பினேன். அடுத்த வருஷமும் காலி. நடுவில் ஒரு மழை நாளில் என் மனைவி வெளி யூனிட் மேல் துணி காயப்போடக் கை வைத்து, 'ஆ' என்று அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். அதிர்ஷ்டம், விழுந்தது துணிக்கூடை மேல். அத்தோடு அந்த ஏ.சி.யை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

இந்தத் தடவை அப்படி விடுவதாக இல்லை. எதிர் ஃப்ளாட் ரயில்வே சாரைப் போய்ப் பார்த்தேன். பேசின் பிரிட்ஜில் ஏ.சி. கோச்சுகளோடு 34 வருஷம் குடித்தனம் நடத்தி ரிடையர் ஆனவர். 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு மார்க்கத்தில் ஏ.சி. மின்சார ரயில் விட்டபோது, சும்மாவேனும் டிக்கெட் எடுத்துப் போய் வந்து, "டிரெயின் நல்லாத்தான்யா இருக்கு. நம்ம ஜனம் கதவைத்தான் விட மாட்டேங்குது" என்று எனக்கு ரிப்போர்ட் கொடுத்தவர்.

"வாங்கு. ஆனா பசங்க வர்றப்ப என்னைக் கூப்பிடு. நான் சொல்ற வரைக்கும் எவனும் சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யோடு ஒரு மெக்கானிக் தம்பி, கூட ஒரு உதவியாள். மெக்கானிக்குக்கு 22 வயசிருக்கும். முதுகில் பை, காதில் பென்சில். ரயில்வே சார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட், பழைய மல்ட்டிமீட்டர் சகிதம் ஆஜர். தம்பியின் முகம் விழுந்ததைக் கவனித்தேன். மே மாச ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒரு பெரியவர் வாய்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அம்மாவும் வந்து நின்றாள். "இது வெடிக்குமா, வெடிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

ரயில்வே சார் கோபித்துக்கொள்ளவில்லை. "மாமி, கீழ சம்ப்ல தண்ணி இருக்கு. மோட்டார் போட்டா மாடி டேங்குக்கு ஏறுதா? தண்ணியை மோட்டார் உண்டாக்கலை. இங்கேர்ந்து அங்கே இறைக்குது. இதுவும் அப்படித்தான். குளிரை உண்டாக்கற மெஷின்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. உங்க ரூம்ல இருக்கற சூட்டை இறைச்சு வெளிய கொட்டற பம்ப் இது."

ஹீட் பம்ப் என்று வெளிநாடுகளில் சொல்கிற சமாசாரமும் இதேதானாம். குளிர் தேசத்தில் அதையே திருப்பிவிட்டு, வெளியில் இருக்கிற கொஞ்சநஞ்ச வெப்பத்தை உள்ளே இறைத்துக்கொள்கிறார்கள். கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று விற்கிற ஏ.சி.யும் அந்த ஜாதிதான். இறைக்கிற வேலை மட்டும் என்பதால்தான் சிக்கனம். ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்கு அது தின்னும் கரண்ட் சுமார் ஒன்றரை கிலோவாட்தான்.

'டன்' என்பது மெஷினின் எடை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும்தான்! ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்தக் கணக்கு அது. 1934-ல் ஃபிரான்ட்டியர் மெயிலில் ஏ.சி. பெட்டி விட்டபோது நிஜமாகவே ஐஸ்கட்டிகளை வைத்துத்தான் குளிரூட்டினார்கள் என்று சார் ஒரு கிளைக்கதை ஆரம்பித்தார். அதற்குள் பால்கனிப் பக்கம் என் மனைவி கத்தினாள்.

"ஐயோ! ஏங்க, இங்க வாங்க!"

ஓடினேன். உதவியாள் பையன் பால்கனிக் கம்பியைத் தாண்டி, ஒரு கால் சன்ஷேடில், ஒரு கால் அந்தரத்தில். கையில் டிரில்லிங் மெஷின். இடுப்பில் ஒன்றுமில்லை. மூன்று மாடிக்குக் கீழே காம்பவுண்டுச் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு.

"பெல்ட் எங்கப்பா?" என்றேன்.

"வண்டியில இருக்குண்ணா. அஞ்சு நிமிஷ வேலைண்ணா."

ஏ.சி. வெடிக்குமா என்று காலையிலிருந்து விவாதம் செய்துகொண்டிருக்கிறோம். அதைவிட நிச்சயமான ஆபத்து எங்கள் பால்கனிக்கு வெளியே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது! மாடியில் வெளி யூனிட் மாட்டுகிறவர்கள் தவறி விழுவது நாம் பேப்பரில் சின்ன எழுத்தில் தாண்டிப் போகிற செய்தி. என் மனைவி, "பெல்ட் வர்ற வரைக்கும் டிரில்லுக்குக் கரண்ட் கிடையாது" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பெல்ட் வந்தது. அதன் கொக்கியைப் பால்கனிக் கம்பியில் மாட்டப் போனவனைச் சார் தடுத்து, உள்ளே கான்க்ரீட் தூணைச் சுற்றிக் கயிறு கட்ட வைத்தார். "அந்தக் கம்பியை வெல்டிங் பண்ணினவனை எனக்குத் தெரியும்" என்று ஒரு காரணமும் சொன்னார்.

வெளி யூனிட் உட்கார்ந்தது. ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். பின்பக்கம் சுவருக்கும் யூனிட்டுக்கும் நடுவில் தாராளமாகக் கை போகிறதா, முன்பக்கம் வீசுகிற அனல் எதிரே மோதித் திரும்பி வராமல் இருக்கிறதா என்று பார்த்தார். இறைத்த சூட்டை மறுபடி அதே மெஷின் குடித்தால் வேலை எப்படி ஆகும்?

அடுத்தது பைப். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இரண்டு தாமிரக் குழாய்கள் இணைக்கின்றன. கம்பெனியிலிருந்து வரும்போது காஸ் முழுவதும் வெளி யூனிட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். குழாயும் உள் யூனிட்டும் காலி. காலி என்றால்? காற்று இருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கிறது. சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம்! அந்தக் காற்றை ஒரு வாக்குவம் பம்ப் வைத்து முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகுதான் காஸைத் திறந்துவிட வேண்டும். அவசரக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. வால்வைக் கொஞ்சம் திறந்து, காஸை விட்டே காற்றை வெளியே தள்ளுவார்கள். குரோம்பேட்டையில் நான் கேட்ட அந்த 'புஸ்' அதுதான். போனது என் காசு கொடுத்த காஸ். உள்ளே தங்கியது ஈரம். அந்த ஈரம் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும்.

"வாக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கியா தம்பி?"

"இருக்கு ஐயா. ஆனா புது பைப்தானே..."

"எடு."

பம்ப் 'டர்ர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. கேஜ் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மைனஸ் 30-ஐத் தொட்டது. தம்பி பம்ப்பை நிறுத்தக் கை நீட்டினான். "இருபது நிமிஷம் ஓடட்டும்" என்றார் சார். முள் கீழே வந்துவிட்டது என்றால் காற்று போய்விட்டது, ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் சாதாரண அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகும். குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கிற ஈரம் அப்படித்தான் வெளியேற வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். சரியாகச் செய்வதென்றால் மைக்ரான் மீட்டர் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பார்கள். நாம் சுவாசிக்கிற காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். தம்பியிடம் அந்த மீட்டர் இல்லை. ஆகவே பொறுமைதான் மீட்டர்.

அந்த இருபது நிமிஷத்தில் காபி. தம்பி மெல்ல வாய் திறந்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஐ.டி.ஐ. படித்தவன். மாசச் சம்பளம் கிடையாது, மாட்டுகிற மெஷினுக்கு இவ்வளவு என்று காசு. மே மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வீடு. மேடவாக்கத்தில் முடித்தால் பம்மல், பம்மலில் முடித்தால் பெருங்களத்தூர். "நாங்க நிதானமா செய்யறோம்னா கஸ்டமரே திட்றாங்க சார். பக்கத்து வீட்ல அரை மணியில மாட்டிட்டாங்க, நீ என்னடா பண்றேங்கறாங்க."

நான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரோம்பேட்டையில் வேகத்தை மெச்சி டீக்குக் காசு கொடுத்தது யார்?

பம்ப்பை நிறுத்தி, கேஜை அப்படியே விட்டு, பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். உறிஞ்சிய குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழையும், முள் ஏறும். ஆறாவது நிமிஷம், முள் லேசாக அசைந்தது. பத்தாவது நிமிஷம் சந்தேகமே இல்லை. ஏறுகிறது!

தம்பி முகத்தில் இப்போதுதான் நிஜமான அக்கறை. தானே டார்ச்சை வாங்கி உள் யூனிட்டுக்குப் பின்னால் பார்த்தான். குழாய் நுனியைப் புனல் மாதிரி விரித்து நட்டால் இறுக்குவார்கள், ஃப்ளேர் என்று பெயர். அந்த விரிந்த உதட்டில் ஒரு மயிரிழைப் பிசிறு. அவ்வளவே! அந்த நுனியை வெட்டி எறிந்து, பிசிறு நீக்கி, மறுபடி விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி இறுக்கினான். மறுபடி வாக்குவம், மறுபடி காத்திருப்பு. இந்த முறை முள் கல் மாதிரி நின்றது.

ஒரு மயிரிழைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். உங்கள் பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. சொச்சம் காற்று இருக்கும். இந்த மெஷினில் இருக்கிற ஆர்-32 காஸ், மே மாத வெயிலில் வெளி யூனிட்டுக்குள் 400 பி.எஸ்.ஐ.யைத் தாண்டி நிற்கும். அதற்கு மயிரிழை ஒன்று போதும், மூன்று மாதத்தில் காலி.

"அந்த காஸ் பத்திக்குமா?" அம்மா விடவில்லை.

"பத்தும் மாமி, பொய் சொல்ல மாட்டேன்" என்றார் சார். "ஆனா சுலபத்துல பத்தாது. நூறு பங்கு காத்துல 14 பங்கு இந்த காஸ் கலந்தாத்தான் தீப்பிடிக்கும். உங்க அடுப்பு காஸுக்கு ரெண்டு பங்கே போதும். இதுல மொத்தமே ஒரு கிலோவுக்கும் கம்மி. உங்க சமையல் ரூம்ல 14.2 கிலோ சிலிண்டரை வெச்சுக்கிட்டு நிம்மதியாத்தானே தூங்கறீங்க?"

அம்மாவுக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. ஆனாலும் காஸைத் திறக்கும்போது பூஜை அறை விளக்கை அணைக்கச் சொன்னார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஆர்-32 காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும். பழைய ஆர்-22 பற்றி எரிகிற ரகமில்லை, ஆனால் ஓசோனைத் தின்றது. அதனால் அதை ஓரங்கட்டுகிறார்கள். ஒன்றைத் தீர்த்தால் ஒன்று!

இங்கே வாடகை வீட்டு இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் வெடிப்பது புது மெஷினைவிட, வீடு மாற்றுகிறபோது கழற்றுகிற மெஷினில்தான் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம் என்கிறார் சார். கழற்றுமுன் காஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவார்கள். அப்போது எங்காவது தளர்ந்த இணைப்பு வழியாகக் காற்றும் சேர்ந்து உள்ளே போனால், காற்று, எண்ணெய், அழுத்தம், சூடு நான்கும் ஒன்றுகூடி டீசல் இன்ஜின் கதைதான். இடம் மாற்றுகிற செலவில் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்கத் தெரியாத ஆளைக் கூப்பிடாதீர்கள். யாராவது லீக் டெஸ்ட் என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கி வந்தால், வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதற்கு உலர்ந்த நைட்ரஜன் மட்டும்தான். ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நெருப்புக்குச்சியே வேண்டாம்.

காஸைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. குமிழி இல்லை. தண்ணீர் வழிகிற குழாய்க்கு உள் யூனிட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாயிற்று. சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. மணி 3. எல்லோர் கண்ணும் சுவிட்சின் மேல்.

"தம்பி, சுவிட்ச்ல கை வைக்காதே!"

சார் மல்ட்டிமீட்டரை எடுத்தார். பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 226 வோல்ட். சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். கிட்டத்தட்ட அதே 226 வர வேண்டும். மீட்டரில் 83. முள்ளை மாற்றி வைத்தார், மறுபடி 83. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் வீட்ல எர்த்தே இல்லப்பா."

மூன்று ஓட்டை இருக்கிற பிளக் பாயின்ட். பெரிய ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயர்கூட இருக்கிறது! ஆறு வருஷமாக இந்த வீட்டில் வாஷிங் மெஷின், கீஸர், மிக்ஸி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. மழை நாளில் துணிக்கூடை மேல் விழுந்த என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

உதவியாள் பையன் ஒரு யோசனை சொன்னான். "நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு லூப் அடிச்சிடலாம் சார். மீட்டர்ல கரெக்டா காட்டும்."

முப்பத்தி நாலு வருஷ சர்வீஸில் அடக்கி வைத்திருந்த கோபம் அத்தனையும் அப்போது வெளியே வந்தது. "மீட்டர்ல காட்டும்டா! எங்கயாவது நியூட்ரல் கட் ஆச்சுன்னா மெஷினோட மொத்த பாடியும் 230 வோல்ட் ஆயிடும். தொட்டவன் எங்க காட்டுவான்?" இந்த 'லூப்' வித்தை நம் புறநகர் வீடுகளில் எத்தனை பிளக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ! மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதுதான் அதன் விஷமே.

அன்றைக்கு சுவிட்ச் போடவில்லை. ஏ.சி. சுவரில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. மெஷின் மாட்டியும் இன்னொரு ராத்திரி வெந்தோம். அப்பா வழக்கம்போல் பால்கனிக்கு நடந்தார். 1 மணிக்கு நெஞ்சு படபடக்கிறது என்றார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, நனைத்த துண்டால் முதுகைத் துடைத்துவிட்டு, டாக்டருக்குப் போன் போடலாமா என்று கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு ராத்திரிதானே, யார் தொடப் போகிறார்கள், போட்டுவிட்டால் என்ன என்று ஒரு முறை அல்ல, நாலு முறை தோன்றியது. நிஜம். நாலாவது முறை எழுந்து போய் சுவிட்ச் வரை கையைக் கொண்டுபோய்விட்டேன். ஒருவழியாக இரண்டரைக்கு அப்பா கண் அசந்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து கீழே மீட்டர் பெட்டியைத் திறந்தார். எங்கள் ஃப்ளாட்டின் பச்சை வயர் எதிலும் சேராமல், அழகாகச் சுருட்டி, டேப் ஒட்டி, ஓரமாகச் செருகி வைக்கப்பட்டிருந்தது! கட்டியவர் வீட்டைக் கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். அதை எர்த் பட்டையில் சேர்த்து, ஏ.சி.க்குத் தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், வீட்டுக்கு மொத்தமாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற ஆர்.சி.சி.பி.யும் போட்டார். மேல் மாடியில் 226-க்கு 225. மற்ற ஃப்ளாட்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது ஃப்ளாட். நாலில் இதே சுருட்டல்.

மாலை 6 மணி. தம்பி தன் செலவில் மறுபடி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. "ஸ்டார்ட் பண்ணாம விட்டது மனசுல உறுத்திச்சு சார்" என்றான்.

சுவிட்ச். ஸ்டெபிலைஸர் விளக்கு. ரிமோட்டில் கூல், 16 டிகிரி. அது சோதனைக்காக, அப்புறம் 24-லேயே விடுங்கள், 2020 ஜனவரியிலிருந்து புது மெஷின்கள் அதில்தான் விழித்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்க உத்தரவே இருக்கிறது. உள் ஃபேன் சுற்றியது. வெளி யூனிட் உடனே ஓடவில்லை. என் வயிற்றில் புளி. "மூணு நிமிஷம் அது தானா நிக்கும் சார்" என்றான் தம்பி. அதனால்தான் கரண்ட் போய் வந்தவுடன் ஏ.சி. ஓடவில்லை என்று ரிமோட்டைப் போட்டுக் குத்தக் கூடாதாம்.

ஓடியது. கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினான்: 6.9 ஆம்பியர், மெஷின் மேல் ஒட்டியிருந்த கணக்குக்குள். கால் மணி கழித்து சார் ஒரு தெர்மாமீட்டரை மேல் பக்கம் காட்டினார், அறைக் காற்று 31. கீழே வீசுகிற காற்று 19. வித்தியாசம் 12. வெளியே டார்ச் அடித்து இரண்டு குழாயின் நட்டையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி ஜில்லென்று வியர்த்திருந்தன. மெல்லிய குழாயில் மட்டும் ஐஸ் பூத்து, பெரிய குழாய் உலர்ந்திருந்தால் காஸ் குறைவு என்று அர்த்தமாம். கடைசியாக வெளி யூனிட்டின் மேல் புறங்கையை வைத்தார். ஒன்றுமில்லை. என் மனைவியும் வந்து வைத்தாள். கொஞ்சம் தயங்கித்தான்.

அன்று ராத்திரி அப்பா ஒன்பதரைக்கே படுத்தார். பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன். அம்மா மயிலாப்பூரில் வாங்கிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் மஃப்ளரும் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து ஆபீசில் இருக்கும்போது போன். தம்பிதான். பின்னால் டிரில்லிங் சத்தம், யாரோ இரைகிற சத்தம்.

"சார், மாடம்பாக்கத்துல ஒரு வீட்ல இருக்கேன். இங்கயும் எர்த் 90 தான் காட்டுது. அதெல்லாம் பரவாயில்ல, சுவிட்சைப் போடுன்னு வீட்டுக்காரர் கத்தறாரு. கொஞ்சம் ரயில்வே சார் நம்பர் குடுங்களேன்!"

கொடுத்தேன். சாயங்காலம் சாரிடம் கேட்டேன், என்ன ஆயிற்று என்று.

"என்ன ஆகும்? போனை அந்தாள்கிட்ட குடுக்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினேன்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டே. "ஃபிரான்ட்டியர் மெயில் ஐஸ் கதையும் சொன்னேன். பாவம், வெச்சுட்டுப் போயிட்டான். எர்த் போட ஆளைக் கூப்பிட்டிருக்கானாம்."